தட்டில் மிஞ்சிய போல்ட்

கிளைவ் பாஸ்கோ ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் தன் கார் மேல் எந்த மெக்கானிக்கின் கையும் படக் கூடாது. காலை டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே அதை மனைவிக்கு அறிவித்தார்.

"இனிமே அந்தக் காருக்கு நானே டாக்டர்."

"பல் டாக்டர்," என்றாள் நோரீன், டீக்கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அடிலெய்ட்ல பாதிப் பேர் வாய்க்குள்ள கை விட்டவன் நான். ஒரு ரப்பர் பெல்ட்டு மாத்தத் தெரியாதா எனக்கு?"

"அப்ப பக்கத்துல ஒரு நர்ஸ் நின்னா. எதை உள்ள வெச்ச, எதை வெளிய எடுத்தன்னு அவ பாத்துக்கிட்டா."

இந்தப் பேச்சு கிளைவுக்கு ரசிக்கவில்லை. வேலையில் இருந்தவரை அவர் வாயைத் திற என்றால் ஊரே திறந்தது. ஓய்வு பெற்ற பிறகு நோரீன் வாயைத் திறக்கிறாள், அவர் மூடிக்கொள்கிறார்.

கார் லேசுப்பட்ட கார் அல்ல. மஞ்சள் நிற இத்தாலியக் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஏறுவதென்றால் விழ வேண்டும், இறங்குவதென்றால் உருள வேண்டும். என்ஜின் முன்னால் கிடையாது. உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால், ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம் நின்று உறுமும். அதில் ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. சில வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டத்தில் அறுந்தாலோ நழுவினாலோ என்ஜினின் உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தக் காரில் மண்ணைக் கொட்டி ரோஜா வளர்க்கலாம்.

இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம். மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஒரு ரகம். தானே கழற்றி மாட்டி, அதைச் சொல்லிச் சொல்லியே மற்றவர்களைத் தூங்கவிடாமல் அடிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்தக் கார்க்காரர்கள் வைத்திருக்கும் சங்கத்தில் இரண்டாம் ரகத்துக்குத்தான் மரியாதை. போன விருந்தில், கிரில்லில் சாசேஜைப் புரட்டிக்கொண்டே சங்கத் தலைவர் ஹம்ஃப்ரி, "டாக்டருங்க காரை ஓட்டலாம், தொடக் கூடாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கிளைவுக்குச் சாசேஜ் இறங்கவில்லை. ஈஸ்டர் கழிந்து வரும் ஞாயிறு, மலைப்பாதை வழியாக விக்டர் ஹார்பர் வரை சங்கத்தின் கார் ஊர்வலம். அதற்குள் தன் கையால் பெல்ட்டை மாற்றி, ஹம்ஃப்ரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதுவரை மானம் மரியாதை எதுவும் தன்னிடம் இல்லை என்றே நினைத்தார்.

"அன்னைக்கு நீயும் பக்கத்துல உக்காந்து வரணும் நோரீன்."

"வரேன். ஆனா அந்த எழவு ஓடப்போறது என் முதுகுக்குப் பின்னால. மாட்டி முடிச்சதும் இன்னொருவாட்டி கழட்டிப் பாத்துடு."

"இன்னொருவாட்டியா? நான் ஒருவாட்டி செஞ்சா செஞ்சதுதான்."

"மிசஸ் ஹாலிடே வாய்க்குள்ள பஞ்சை வெச்சுத் தெச்சதும் ஒருவாட்டிதான்."

"அது பழைய கதை."

"அந்தம்மா இன்னும் சொல்லிட்டுத் திரியுது."

கிளைவ் கராஜுக்குப் போனார். போகிற வழியில் சமையலறையில் கைவைத்தார். நோரீன் மஃபின் சுடுகிற தட்டு, பணியாரக் கல் மாதிரி குழி குழியாக இருக்கும். ஒவ்வொரு இடத்தில் கழற்றும் போல்ட்டுக்கும் ஒரு குழி என்று வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. இது அவர் கண்டுபிடிப்பல்ல. இந்த வேலை செய்கிற எல்லார் வீட்டிலும் மஃபின் இல்லாமல் போனது இப்படித்தான்.

நோரீன் கராஜ் வாசலில் வந்து நின்றாள். "அது என் தட்டு."

"இப்போ இது ஆபரேஷன் தட்டு."

அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். புத்திசாலிப் புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும். கிளைவ் விசிலடித்தார்.

சீட்டைக் கழற்றினார். கம்பளத்தை உரித்தார். தகட்டைக் கழற்றினார். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை உள்ளே நீட்டி, என்ஜினின் கடைவாய் வரை பார்த்தார். பழைய பெல்ட் வெளியே வந்தது, புதுப் பெல்ட் உள்ளே போனது. மறுபடி தகடு, கம்பளம், சீட்டு. உள்ளே ஒரு டீ குடித்துவிட்டு, தட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வந்து எடுத்தவர் அப்படியே நின்றார்.

ஓரக் குழியில் ஒரு போல்ட் கிடந்தது. விரல் நீளம். சாம்பல் பூச்சு, தலைப்பக்கம் கொஞ்சம் துரு. அவருக்கு அதைக் கழற்றிய ஞாபகமே இல்லை.

"எங்கிருந்து வந்திருக்கும் இது?" என்றார்.

நோரீன் எட்டிப் பார்த்தாள். "கார்லேர்ந்துதான். தட்டு அதுக்குத்தானே இருக்கு. அதுக்கு ஒரு இடம் கிடைக்கிறவரைக்கும் நான் ஏற மாட்டேன் ராசா."

கிளைவுக்குத் தலைக்குள் ஏதோ ஊறத் தொடங்கியது. பயம் கொஞ்சம்தான், ஆவல்தான் அதிகம். ஒரு போல்ட் என்றால் அதற்கு ஒரு ஓட்டை இருக்க வேண்டும். அந்த ஓட்டை எங்கே? சாப்பிடும்போது போல்ட் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் மேல் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஸ்டாவ்ரோஸிடம் நீட்டினார்.

ஸ்டாவ்ரோஸ் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இத்தாலிக்காரனா செஞ்சது?"

"ஆமா."

"அப்ப அழகுக்கு வெச்சிருப்பான். தூக்கிப் போடு."

"அழகாவா இருக்கு?"

"உள்ள இருந்துச்சுல்ல, யார் பாக்கப் போறா? அது கெடக்கட்டும், உன் துணிக்கொடி என்ன குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்குது?"

கிளைவ் திரும்பிப் பார்த்தார். புல்வெளி நடுவில் குடை மாதிரி விரிந்து சுற்றும் துணிக்கொடி ஒரு கையைத் தொங்கப் போட்டு நின்றது. நோரீன் போர்வைகளை நாற்காலிகள் மேல் காயப்போட்டிருந்தாள்.

"காத்து அடிச்சிருக்கும்," என்றார் கிளைவ். "நோரீன், காரை முடிச்சிட்டு அதைச் சரி பண்ணிடறேன்."

"அவசரமே இல்ல," என்றாள் நோரீன். அவளை இவ்வளவு பொறுமையாக அவர் பார்த்ததே இல்லை.

அடுத்து இணையத்தில் இந்தக் கார்க்காரர்கள் கூடிப் பேசும் தளத்தில் போல்ட்டின் படத்தைப் போட்டார். பதில்கள் குவிந்தன. இந்தக் கூட்டத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் காலத்து இத்தாலித் தொழிற்சாலை, கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுக் கார் செய்தது. ஆகவே எந்தப் போல்ட் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறதோ அவ்வளவு அசல். பெர்த்திலிருந்து ஒருவர், முதல் வருஷக் கார்களில் மட்டும் வந்தது என்றார். பிரிஸ்பேன்காரர், விற்பதாக இருந்தால் முதலில் தனக்குச் சொல்லச் சொன்னார். எந்த ஓட்டையில் போகும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

வேறு வழியில்லை, மறுபடி கழற்றினார். சீட்டு, கம்பளம், தகடு. ஓட்டை கிடைக்கவில்லை. பெல்ட்டுக்குப் பக்கத்தில் அவருடைய பல் கண்ணாடி கிடைத்தது. அங்கேயே விட்டு மூடியிருக்கிறார். என்ஜின் ஓடியிருந்தால் பெல்ட் அதை மென்றிருக்கும்.

கண்ணாடியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்.

"ஓட்டை கிடைச்சுதா?" என்றாள் நோரீன்.

"இல்ல."

"வேற ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல."

"சட்டைக்குள்ள மினுக்குதே."

கிளைவ் குளிக்கப் போய்விட்டார். ஆனால் போல்ட் விடவில்லை. அடுத்த வாரம் மூன்றாம் முறை திறந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு நட்டாகத் தொட்டுத் தொட்டு வந்தார். பெல்ட்டை அழுத்திப் பிடிக்கிற உருளை ஒன்று உண்டு. அதன் நட்டு அவர் விரல் பட்டதும் சுற்றியது. ஸ்பானரே படாமல், வெறும் விரலுக்கு. கிளைவ் தரையில் உட்கார்ந்துவிட்டார். மலைப்பாதையில், நோரீன் முதுகுக்குப் பின்னால், அந்த நட்டு கழன்று பெல்ட் நழுவியிருந்தால்? கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அதை அளவுபார்த்து இறுக்கினார். இதை நோரீனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். உள்ளே போனதும் பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

நான்காம் முறையும் திறந்தார். யாரும் சொல்லாமலே திறந்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார், பெல்ட் சரியாக உட்கார்ந்ததைக் காட்டும் குறிகள் ஒன்றோடொன்று சரியாக வந்து நின்றன. ஓட்டை மட்டும் கிடைக்கவில்லை.

"நோரீன், ஒரு தப்பும் இல்ல. ஆனா போல்ட்டு மட்டும்..."

"ஒரு தப்பும் இல்லேல்ல?"

"சத்தியமா இல்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் வரேன். போல்ட்டை நீ சட்டைப்பையில வெச்சுக்க. தொலைச்சுடாத."

இவ்வளவு நாள் ஏற மாட்டேன் என்றவள் ஏன் மனம் மாறினாள் என்று கிளைவுக்குப் புரியவில்லை. கிடைத்தவரை லாபம் என்று வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் மலையில் பாடிக்கொண்டே ஏறியது. விக்டர் ஹார்பரில், மீட் பை என்கிற இறைச்சிப் பலகாரம் விற்கிற கடைக்கு முன்னால் எல்லாக் கார்களும் வரிசையாக நின்றன. கிளைவ் தானே பெல்ட் மாற்றிய கதையை ஆரம்பித்தார். கையிலிருந்த மீட் பை ஆறிப்போனது. கடைசியில் சட்டைப்பையிலிருந்து போல்ட்டை எடுத்தார். ஹம்ஃப்ரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உள்ளங்கையில் உருட்டினார்.

"அட, இது தொழிற்சாலையில கப்பல்ல ஏத்தும்போது பூட்டுறது. கார் வந்ததும் கழட்டிடணும். ரொம்பப் பேருக்கு இது இருக்கிறதே தெரியாது. டாக்டர், உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன்."

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தர் படம் எடுத்தார். நோரீன் சாஸ் ஊற்றிய மீட் பையை வாயில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றாள். தோள் லேசாகக் குலுங்கியது. காற்று சில்லென்று அடிக்கிறது என்று கிளைவ் நினைத்தார்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினார். உருண்டு இறங்கி நிமிர்ந்தபோது நோரீன் கை நீட்டி நின்றாள்.

"ஊர்வலம் முடிஞ்சுதுல்ல? என் போல்ட்டைக் குடு."

"உன் போல்ட்டா?"

"கொடிக்கு. எத்தன நாளைக்கு நாற்காலி மேல போர்வை காயப்போடறது?"

கிளைவ் போல்ட்டைப் பார்த்தார். புல்வெளியைப் பார்த்தார். தொங்குகிற அந்தக் கையின் அடியில் ஒரு ஓட்டை, விரல் பருமனுக்கு, காலியாக இருந்தது. இத்தனை நாள் அவர் தேடிய ஓட்டை.

"நீயா தட்டுல போட்ட?"

"இன்னொருவாட்டி பாருன்னு வாயால சொன்னேன். கேட்டியா?"

"நாலுவாட்டி கழட்டினேனே நோரீன்."

"கண்ணாடி எத்தனாவதுவாட்டி கிடைச்சுது?"

அவர் கை தானாகச் சட்டையைத் தடவியது.

"அதுக்கடுத்தவாட்டி கிடைச்சது?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு மூஞ்சி வெளுத்துப்போய் வந்து பசிக்குதுன்ன. தட்டுல வெச்சதைத் தொடக்கூட இல்ல."

கிளைவ் தலையை ஆட்டினார். கோபப்பட வேண்டும் என்று நினைத்தார், வரவில்லை. ஸ்பானரை எடுத்துவந்து, ஹம்ஃப்ரி மெச்சிய போல்ட்டைக் கொடியில் பூட்டினார். கொடி நிமிர்ந்து நின்றது. இறுக்கிவிட்டு, சந்தேகத்தோடு திரும்பினார்.

"வீட்டுல இன்னும் வேற எதையாவது கழட்டி வெச்சிருக்கியா?"

நோரீன் போர்வையை உதறிக் கொடியில் போட்டாள்.

"அடுத்து எதுல கை வைக்கப் போறேன்னு மொதல்ல நீ சொல்லு. அதுக்குத் தகுந்த மாதிரி கழட்டி வெக்கிறேன்."