கோதுமைக்கு இரங்கிய பொன்னுலிங்கம்

இரணியல்

வடக்கே கோதுமை ஆராய்ச்சி செய்யும் மகா கனம் பொருந்திய மருமகன் எட்சனுக்கு, அதை இங்கே விதைத்துவிட்டு உறக்கமில்லாமல் கிடக்கும் மாமா சுந்தரராஜ் எழுதிக்கொள்வது. நானும் மாமி செல்லபாயும் சுகம். கோதுமை சுகமில்லை. இனி நான் சொல்லும் கதையைப் பூலோகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துத் தொடங்குகிறேன்.

நீ தந்த இரண்டு ரகத்தையும் நெல் வயல்களுக்கு நடுவே விதைத்தேன். "மாமா, எவ்வளவு தண்ணி விடுதீங்கங்கது இல்ல, எப்போ விடுதீங்கங்கதுதான் விளைச்சல். வேர் கிளைக்கும்போ ஒரு நனைப்பு, பூக்கும்போ ஒண்ணு, பால் பிடிக்கும்போ ஒண்ணு. இடையில வாடினாலும் தொடப்பிடாது" என்று நீ போனில் சொன்னபடியே முதல் நனைப்பு கொடுத்தேன். பயிர் ஒரே எழும்பலாக எழும்பி, ஸ்டேஷனில் நின்ற ரயிலின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. அந்தப் பெருமையில், கோதுமையை வேதாகமத்தில் மட்டும் பார்த்திருக்கும் நம் சபைக்கு, வருகிற அறுப்பின் பண்டிகையில் சொந்த வயல் கதிரைப் பீடத்தில் வைப்பேன் என்று கோயிலில் அறிவிப்பும் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்து வயல் பொன்னுலிங்கம் வந்தார். "என்னவே சுந்தரராஜ், சுத்தி எல்லா வயல்லயும் தண்ணி நிக்குது, உம்ம பயிரு மட்டும் நாக்கைத் தொங்கப்போட்டு நிக்குதே."

"அது கோதுமை வே. அதுக்கு நேரம் உண்டு."

"தாகத்துக்கு என்னவே நேரம்?"

நான் குழித்துறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன சமயம், மனிதர் இரங்கி, வரப்பை வெட்டி வாய்க்காலை முழுக்க என் வயலுக்குத் திருப்பிவிட்டார். வந்து பார்த்தால் வயலில் கெண்டை துள்ளுகிறது, கரையில் யாரோ மீன்பிடி வள்ளம் கட்டியிருக்கிறார்கள். வாளியால் இறைத்தேன், மாமியின் சேலைகளைப் போட்டு ஒத்தி எடுத்தேன், டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வயலுக்குக் காட்டினேன். குட்டை ரகம் மஞ்சளடித்து அழுகியது, நெட்டை ரகம் சாய்ந்தது, தப்பிய நாலு தட்டையையும் மீன்கள் அறுத்து மூட்டை கட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டன. "பீடத்துல எதை வைப்பிய? ஆட்டா பாக்கெட்டையா?" என்கிறாள் மாமி. கோயில் பக்கம் தலைகாட்டவே பயமாக இருக்கிறது.

ஆகவே மக்கா, பண்டிகைக்கு வரும்போது ஒரு கட்டு கதிரைப் பையில் துணிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்துவிடு. கர்த்தர் உன்னையும் உன் ஆராய்ச்சியையும் பொன்னுலிங்கத்தின் இரக்கத்திலிருந்து காப்பாராக.

அன்பு மாமா,
சுந்தரராஜ்

பி.கு.: கட்டு வேண்டாம். ரயில், வள்ளம், மீன் எல்லாம் நான் விட்ட புளுகு. ஃபேனும்தான்; வயர் எட்டவில்லை. நீ நம்பமாட்டாய், ஆனால் ஒன்று மட்டும் நிஜம்: விதைக்கும்போது வரப்பு மேட்டில் சிந்திய விதை, தண்ணீர் தேங்காத இடமாதலால், ஆறு கதிர் விட்டு முற்றி நிற்பதை இப்போதுதான் பார்த்தேன். எந்த ரகம் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். பீடத்துக்கு ஆறு போதும், இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் அதுக்கு ஆகாது. இத்துடன் நிறுத்துகிறேன், பொன்னுலிங்கம் குடத்தோடு அந்த வரப்பில் ஏறுகிறார்.