வேண்டாததை அடிக்கவும்

'நீந்தத் தெரியும் / தெரியாது. வேண்டாததை அடிக்கவும்.'

படகு அலுவலகத்தின் படிவத்தில் இப்படித்தான் இருந்தது. நாள் முழுக்க டிக் அடித்தே பழகிய கணக்கு வாத்தியாரின் சிவப்புப் பேனா, 'தெரியாது' மேலேயே பெரிதாக ஒரு டிக் அடித்தது. இனி அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மனைவியிடம் வாய் திறக்க வேண்டியதில்லை.

காட்டாற்றில் துடுப்புப் போட வேண்டும் என்பது அவள் ஆசை. நிச்சயமான புதிதில், "ஆறுன்னா எனக்கு எங்க வீட்டுக் கூடம் மாதிரி" என்று அவர் அளந்ததில் முளைத்தது. இந்த ஒன்று பொய் என்று தெரிந்தால், அன்றைக்கு அவளிடம் சொன்ன மற்றதெல்லாமும் பொய் என்று நினைத்துவிடுவாளோ? அவை சத்தியமாக நிஜம்.

பதில் வந்தது. 'தெரியாது' என்பதை அடித்துவிட்டதால், நீச்சல்காரருக்கு எட்டுப் பேர் படகில் முன்வரிசையாம்.

முதுகுவலி என்று எழுதிப் போட்டார். அப்படியானால் குனிய வேண்டாம், பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்பும் பொறுப்பைத் தருகிறோம் என்றார்கள். மனைவிக்குப் பயம் என்று எழுதினார். கணவர் பக்கத்திலேயே இருந்தால் பயம் போய்விடும், இருவர் மட்டும் போகிற சின்னப் படகாக மாற்றியாயிற்று என்று வந்தது. கூடவே, நுரைக்கு நடுவில் நிற்கும் பாறைகளின் படம்.

குளியலறையில் வாளி பாதி நிறையும்போதே வாத்தியார் குழாயை மூடினார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்; அந்தக் குதிரைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எனக்கு நீந்தத் தெரியாதும்மா. முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதே இல்ல."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப, வீட்டுக் கூடம்?"

"உனக்கு என்னைப் பிடிக்கணுமேன்னு சொன்னேன். அது ஒண்ணுதான் பொய்."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு படகு அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள். இவள் வாய் திறப்பதற்குள் அங்கிருந்த பெண் முந்திக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்காவது உண்மையைச் சொல்லிட்டாரா? இல்லேன்னா, நீங்க சொன்னபடி அவரை மிரட்டி எழுத எங்ககிட்ட இனிமே ஒத்தை ஆள் படகுதான் பாக்கி."