பனிக்குப் பிடித்தம்

"இதுல ஆருங்க இருக்கறா?" என்று கேட்டார் தங்கவேலு.

மேஜை மேல் சசிதரன் கொண்டுவந்து வைத்த மடிக்கணினியில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார். திரை முழுக்க வெள்ளை. சசிதரன் குனிந்து பார்த்தான்.

"பனிங்க."

"அது தெரியுதுங்க. ஆரு இருக்கறான்னு கேட்டேன்."

"பனிக்குள்ள தோட்டம் இருக்குங்க. தோட்டத்துக்குள்ள தெய்வம்மாக்கா கொழுந்து பறிச்சிட்டிருக்காங்க. மெதுவா பனி விலகும், அப்பத் தெரிவாங்க."

"எப்ப விலகும்?"

"இன்னும் இருபது வினாடியில."

"அந்த இருபது வினாடிக்கு நான் எதுக்குங்க காசு குடுக்கோணும்?"

சசிதரன் படமெடுக்கப் படித்த இடத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லித் தரவில்லை.

தங்கவேலு குன்னூருக்கு மேலே ஒரு சின்னத் தோட்டமும் தேயிலைத் தொழிற்சாலையும் வைத்திருப்பவர். சனிக்கிழமை கோயம்புத்தூரில் தேயிலை வியாபாரிகள் கூட்டம். அதில் போட்டுக் காட்ட நாலு நிமிடப் படம் கேட்டார். பேசியது நாற்பதாயிரம். சசிதரனிடம் சொந்தமாக ஒரு கேமராவும் நிறைய தைரியமும் இருந்தன. நல்ல லென்ஸ் மட்டும் இல்லை. அதைக் குன்னூர் மார்க்கெட்டில் ஜாகீரிடம் நாளுக்கு ஆயிரம் ரூபாய் வாடகைக்கு எடுத்தான். ஈடாக மனைவி வனிதாவின் ஸ்கூட்டரை அங்கே நிறுத்தினான். வனிதாவிடம் வண்டி சர்வீஸுக்குப் போயிருப்பதாகச் சொன்னான். படத்துக்குக் காசு வந்ததும் வண்டியும் வந்துவிடும், அவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்பது அவன் கணக்கு.

தங்கவேலுவின் கணக்கு வேறாக இருந்தது.

"நாலு நிமிசம், நாப்பதாயிரம். நிமிசத்துக்குப் பத்து. இதுல பனி மட்டும் ஒண்ணரை நிமிசம் ஓடுது. பதினஞ்சு போக இருபத்தஞ்சு. சரிதானுங்களே?"

"நீலகிரின்னாலே பனிதானுங்களே!"

"அதத்தான நானும் சொல்றேன். பனி இங்க சும்மா கெடைக்குது. சும்மா கெடைக்கறதுக்கு நீங்க எப்பிடிங்க காசு வாங்குவீங்க?"

"ஐயா, இது கலைங்க."

"இருக்கட்டுமுங்க. மழையில நனைஞ்ச இலையக் கொண்டாந்தா ஈரத்துக்குன்னு எடையில பிடிக்கறமா இல்லீங்களா? உங்க படமும் ஈரமாத்தான் இருக்குது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெசமாச் சொல்றேன், படத்துக்கும் இப்பிடிப் பிடிக்கலாம்னு எனக்கே தெரியாதுங்க. ஒருத்தங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. சினிமா லைன்ல இதுதான் வழக்கமாமே?"

"எவன் சொன்னான்?"

"சொன்னவங்கள எல்லாம் காட்டிக் குடுக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, தங்கவேலு தான் பேசும் ஒரு நிமிடத்தை மூன்றாவது தடவையாகப் போட்டுப் பார்த்தார். அதற்காகத் தலைக்கும் மீசைக்கும் புதிதாகச் சாயம் அடித்திருந்தார். அந்த ஒரு நிமிடத்துக்கு எந்தப் பிடித்தமும் இல்லை.

சசிதரன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். எடைக் கொட்டகையில் ரவிக்குமார் இலை மூட்டைகளை நிறுத்துக்கொண்டே ஒரு கையில் செல்போனில் ஏதோ படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எடை போடுகிறவன். பிடித்தம் போடுகிறவன். படமும் பார்க்கிறவன். வேறு யாராக இருக்க முடியும்?

வீட்டில் வனிதா கோபமாக இருந்தாள். பஸ் கிடைக்காமல் மருந்துக் கடை வேலைக்கு நடந்தே போய் வந்திருந்தாள்.

"வண்டி எப்ப வரும்?"

"நாளைக்கு. அந்த ஆளு பனிக்குப் பிடிக்கிறாரு, வனிதா. நான் எவ்வளவு சிக்கனமா எடுத்தேன் தெரியுமா? ஒத்த ரூபா வீண் பண்ணல. ரெண்டாவது நாள் பனி மூடுனதும் தெய்வம்மாக்காவக்கூடப் பாதியிலயே அனுப்பிட்டேன்."

"பனிதான பிரச்சினை? அத வெட்டிட்டுக் குடு. அப்புறம் எதுக்குப் பிடிப்பாரு?"

அருமையான யோசனையாகப் பட்டது. உட்கார்ந்து பனியை எல்லாம் வெட்டினான். செவ்வாய்க்கிழமை காலையில் போய்க் காட்டினான்.

"நல்லாருக்குதுங்க. பளிச்சுன்னு இருக்குது" என்றார் தங்கவேலு. "ஆனா ரெண்டரை நிமிசந்தான் வருது. நாலுன்னுதான பேசினோம்? அப்ப இதுக்கும் இருபத்தஞ்சுதான்."

"அது நீங்க வேண்டாம்னு சொன்ன பனிங்க!"

"வேண்டாம்னு சொன்னதக் குடுக்காம விட்டதுக்கு எதுக்குங்க காசு? அப்புறம், முன்னாடி என் ஃபேக்டரி பேரு, பின்னாடி உங்க பேருன்னு எழுத்து மட்டுமே அரை நிமிசம் ஓடுது. அது சாக்குங்க."

"சாக்கா?"

"இலை மூட்டையில சாக்கு எடையக் கழிச்சுட்டுத்தான காசு போடறோம்? அஞ்சு போக இருபது."

அன்றைக்கே ஜாகீர் போன் செய்தார். "தம்பி, காசு வரலைன்னா லென்ஸையாவது குடுங்க."

"குடுத்தா வாடகை நின்னுடுமா, பாய்?"

"காசு குடுத்தாத்தான் நிக்கும். லென்ஸ் எங்கிட்ட இருந்தாலும் உங்க கணக்குலதான் இருக்கும்."

எப்படியும் வாடகை ஓடத்தான் போகிறது. அந்த லென்ஸை வைத்தே பனி இல்லாமல் மறுபடி எடுத்து ஒன்றரை நிமிடத்தை நிரப்பிவிடலாம் என்று முடிவு செய்தான். தெய்வம்மாவைத் தேடித் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குப் போனான். தங்கவேலுவின் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். படத்தில் முகம் காட்டியது அவள்தான். விஷயத்தை ஆதியோடு அந்தமாகச் சொன்னான்.

"அப்ப தொரை உங்களுக்கும் அரைப் பேருதான் போட்டாரா, தம்பி?" என்றாள் தெய்வம்மா. பாதிக் கூலி போடுவதற்குத் தோட்டத்துப் பழைய ஆட்கள் சொல்லும் பேச்சு அது.

"ஆமாக்கா. எவனோ அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்."

"நல்லாத் தேடிப் பாருங்க தம்பி, கிடைப்பாங்க" என்றாள் ஆறுதலாக. பிறகு கையை நீட்டினாள். "இந்தத் தடவ கூலிய முன்னாடியே குடுத்துருங்க."

எழுநூறு ரூபாயை வாங்கி இரண்டு தடவை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புதன்கிழமை பனி. இருவரும் நாள் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலை வானம் திறந்தது. சசிதரன் கேமராவை வைத்தான். தெய்வம்மா கூடையை மாட்டினாள். மேட்டிலிருந்து ஒரு காட்டெருமை இறங்கி வந்து அவளுக்கு முப்பதடி பின்னால் நின்றது.

"போகுமாக்கா?"

"அது இங்கதான் இருக்கும். நம்மதான் போகணும்."

கேமராவை இடப்பக்கம் திருப்பினான். காட்டெருமை இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் திருப்பினான். அதுவும் யோசித்துவிட்டு வலப்பக்கம் வந்தது. பதினோரு மணிக்குப் பனி மறுபடி இறங்குவதற்குள் கிடைத்த ஒன்றரை நிமிடத்திலும் தெய்வம்மாவும் காட்டெருமையும் சேர்ந்தே இருந்தார்கள்.

"இதுக்கு எவ்வளவு கூலி குடுத்தீங்க?" என்று மாலையில் தங்கவேலு கேட்டார்.

"எதுக்குங்க?"

"எருமைக்கு."

"எருமைக்கு யாருங்க கூலி குடுப்பாங்க?"

"நீங்க குடுக்கல. அப்ப நான் மட்டும் எதுக்குங்க குடுக்கோணும்? அந்த ஒண்ணரை நிமிசம் பழையபடி கழிஞ்சுது. அதில்லாம, இதப் பாத்தா வியாபாரிங்க எருமை மேஞ்ச இலைன்னுல்ல நெனைப்பாங்க? பேரு கெட்டதுக்கு ஒரு அஞ்சு. ஆகப் பதினஞ்சு."

பதினைந்தாயிரம். இன்னும் இரண்டு நாள் இழுத்தால் லென்ஸ் வாடகையே அதில் பாதியைத் தின்றுவிடும். வீட்டுக்குப் போனால் வனிதா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சர்வீஸ்ல இருக்கற வண்டியில ஜாகீர் பாயோட சம்சாரம் எதுக்குக் காய் வாங்கப் போறாங்க?"

சசிதரன் உண்மையைச் சொன்னான். வனிதா கத்தவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வண்டி இங்க நிக்கணும். இல்லைன்னா உன் கேமராவுல ஏறித்தான் நான் வேலைக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. மடிக்கணினியில் மிச்சமிருந்தது தங்கவேலு வேண்டாம் என்ற பனி மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை தங்கவேலு படத்தைப் போட்டார். தோட்டம் வந்தது, தொழிற்சாலை வந்தது, அவர் பேசும் இடமும் வந்தது. சட்டை தெரிந்தது. சட்டைப் பையில் பேனா தெரிந்தது. கழுத்து தெரிந்தது. அதற்கு மேலே அடர்த்தியான பனி.

"ஏனுங்க, என்ற தலை எங்கீங்க?"

"பனிக்குள்ள இருக்குதுங்க. பதினஞ்சாயிரத்துக்குக் கழுத்து வரைக்குந்தான் வருது. மேல இருக்கற பனி சும்மாதான், அதுக்குக் காசு வேண்டாம்."

தங்கவேலு திரையையும் சசிதரனையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் நாளைக்கு. வேறு ஆளைப் பிடிக்க நேரமில்லை.

"வாய் வரைக்கும்னா எவ்வளவு?"

"இருபதுங்க."

"மீசையோட?"

"மீசைக்கு இருபத்தஞ்சு. கண்ணு முப்பது."

"முப்பதுக்கு முடியும் சேத்திக் குடுத்திருங்க. சாயத்துக்கே ஆயிரத்து எரநூறு ஆச்சுங்க."

"முடி எல்லாம் முழுசா நாப்பதுக்குத்தானுங்க. எழுத்தும் இருக்கும், தெய்வம்மாக்காவும் எருமை இல்லாத பழைய பனியோட இருப்பாங்க."

தங்கவேலு ஒருமுறை திரையில் தன் தலை இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்தார். நாற்பதாயிரமும் வந்து விழுந்த சத்தம் கேட்டதும் சசிதரன் பையிலிருந்த பென்டிரைவை எடுத்து வைத்தான். அதில் தங்கவேலு தலையோடு இருந்தார்.

அந்த மிதப்பில் நேராக எடைக் கொட்டகைக்குப் போனான்.

"டேய் ரவிக்குமார்! பனிக்குப் பிடிக்கலாம்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தது நீதான? அடுத்தவன் உழைப்புல பாதிய முழுங்க எப்படிடா மனசு வருது?"

"எங்கம்மா மேல சத்தியமா நான் இல்லைண்ணா!"

"பின்ன யாரு? வேர்வை சிந்துனவன் வயித்துல அடிக்கச் சொன்ன அந்தப் பாவி யாரு?"

இலை மூட்டையைத் தராசில் இறக்கிவிட்டுத் தெய்வம்மா நிமிர்ந்தாள்.

"அவன வையாதீங்க தம்பி. ரெண்டாவது நாளு, 'பனி மூடிருச்சுக்கா, சினிமாவுல இதுதான் வழக்கம்'னு நீங்க எனக்கு அரைப் பேரு போட்டு அனுப்புனீங்கள்ல, ஏன் சீக்கிரமா வந்துட்டேன்னு தொரை கேட்டாரு, நாந்தான் உள்ளதச் சொன்னேன்."