பூனா அம்மாவும் எதிர்க்கட்சி மாமாவும்

சிதம்பரத்தில் வெயில் கொளுத்துகிறது என்று நீங்கள் சொன்னால், குடையை விரித்துக்கொண்டு வந்து "மழைதான்" என்று சாதிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தெரு எதிர்க்கட்சி மாமா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

2009இல் பூனா பக்கமிருந்து பன்றிக்காய்ச்சல் பயம் வந்தது. தெருவே மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, சாக்கடையோரப் பன்றிகளைக் கல்லால் அடித்து விரட்டியது. மாமா குறுக்கே போய் நின்றார்.

"யோவ், இதுவா பூனாவுக்குப் போயிட்டு வந்துச்சு? நம்ம சாக்கடைய வுட்டு நகந்ததே இல்லய்யா!"

பூனாவுக்குப் போய்விட்டு வந்தவன் நான். மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கம்பெனி ட்ரெய்னிங் முடிந்து திரும்பிய மறுநாளே காய்ச்சல். டாக்டர் மாத்திரை கொடுத்து, "அறையைவிட்டு வெளியே வராதே" என்றார். சேதி பரவித் தெருவே திரண்டுவிட்டது.

வீட்டுக்காரர் கீழே நின்று கத்தினார்: "தம்பி, தப்பா நெனைக்காத. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடு."

எழுந்து நிற்கவே தெம்பில்லை. கடலூர் வீட்டிலோ அக்காவும் கைக்குழந்தையும். எங்கே போவேன்? அழுகையாக வந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். மாடிப்படி வாசலில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகிவிட்டு, நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

"எங்க கம்மாபுரத்துல அம்மை போட்டா வேப்பில சொருவி, உள்ளயே வச்சிக் காப்பாத்துவோம். டவுன்காரங்க நீங்க தொரத்துறீங்க! இவன் பஸ் ஏறுனா பஸ்ஸு முழுக்க ஒட்டிக்காதா? எவன் மேல போறான்னு பாக்குறேன்!"

வேப்பிலையைப் பார்த்ததும் கூட்டம் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றியது. ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டார், "எந்த அம்மா எறங்கியிருக்கா?"

"பூனா அம்மா. இந்தி பேசுவா. போயி கூழு காச்சு!"

கூழ் வந்தேவிட்டது. காய்ச்சல் விடும்வரை மாமாதான் எனக்குக் காவல். டாக்டர் கொடுத்த முகமூடியை மட்டும் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டார்.

தேறியதும் நன்றி சொல்லப் போனேன். சண்டைக்கு வந்தார்.

"ஒனக்காகவா ஒக்காந்தேன்? தெருவே ஒரு பக்கம் நின்னா எனக்கு ஆவாது."

பிறகு கடலூருக்கு மாற்றலாகிக் கிளம்பினேன். தெருவே கூடி, "போயிட்டு வா தம்பி" என்றது. மாமா மட்டும் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "போவக்கூடாது" என்றார்.

ஏன் என்று கேட்டேன். எதற்கும் வண்டி வண்டியாகக் காரணம் சொல்பவர், அன்று பெட்டியை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.