எட்டாவது பிள்ளைக்கு ஞானத்தகப்பன் தேவை

கெராக்கில் வாழும் அருமைத் தம்பி நக்லேவுக்கு, மாதபாவிலிருந்து அண்ணன் சலீபா எழுதுவது. இங்கு என் இடுப்பு நீங்கலாக நான் நலம். அங்கு நீ, உன் மனைவி, உங்கள் ஆடுகள் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

வரும் ஞாயிறு காலை நீ கட்டாயம் இங்கே வர வேண்டும். ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தில் என் இடத்தில் நீ ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். காரணம் இடுப்புதான். வேறு காரணம் தேடாதே.

எல்லாம் கோயில் உதவிக்குழுவால் வந்த வினை. போருக்குத் தப்பி ஹோம்ஸிலிருந்து பதினெட்டுக் குடும்பங்கள் அகதிகளாக வந்தபோது, ஓய்வுபெற்ற வாத்தியார் சும்மாதானே இருக்கிறான் என்று பாதிரியார் யுஸ்தீனோஸ் போர்வைப் பொறுப்பை என் தலையில் கட்டினார். போர்வை கொடுக்கப் போனால் காபி தருகிறார்கள், காபி குடித்தால் பிள்ளையை மடியில் வைக்கிறார்கள், பிள்ளை அழாவிட்டால், "வாத்தியாரய்யா, நீங்களே ஞானத்தகப்பனா நின்னுடுங்க" என்கிறார்கள். இங்கே அவர்களுக்கு வேறு யாரைத் தெரியும், பாவம். இப்படியே ஏழு பிள்ளைகள். ஆறாவது பயல் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி ஞானஸ்நானத் தொட்டிக்குள் போட்டான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எட்டாவது, நுஹாதின் மகன் மிகாயீல். போரில் அவள் கணவன் இறந்துவிட்டான். ஊர் ஊராக ஓடியதில் பையனுக்கு நாலு வயதாகியும் ஞானஸ்நானம் நடக்கவில்லை. அவளைப் போல் உதவி வாங்கத் தெரியாதவளை நான் பார்த்ததில்லை. முதல் நாளே கோயிலில் நாங்கள் கொடுத்த பருப்புச் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "யாரு காச்சுனது?" என்றாள்.

"நான்தான்."

"பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக்குடுத்தீங்க?"

"கணக்கு."

"அதையே பாருங்க" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கோயில் சமையற்கட்டு அவள் ராஜ்ஜியம். வேலையில்லாத எகிப்துக் கொத்தனார்கள், சூடான்காரர்கள், நம் ஊர்ப் பணக்காரர்கள்கூட வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு வெங்காயம் நறுக்கும் உத்தியோகம்.

செவ்வாயன்று, அத்தனை பேர் முன்னால், "மிகாயீலுக்கும் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டாள்.

"இடுப்பு சரியில்லம்மா."

"நேத்து ரெண்டு காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்களே?"

"அதனாலதான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளாகப் பேச்சில்லை. வெங்காயம் மட்டும் வருகிறது. தன் மகனை மட்டும் நான் ஒதுக்கிவிட்டதாக அவள் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை, நக்லே. நீ வந்து நின்றால் பிள்ளைக்காவது குறை இருக்காது.

தேவதாயும் புனித ஜார்ஜும் உன் வீட்டையும் பட்டியையும் காக்கட்டும்.

அன்பு அண்ணன்,
சலீபா

பி.கு: என் இடுப்புக்கு ஒன்றுமில்லை, கல் போல உறுதியாக இருக்கிறது. ஞானத்தகப்பன் பிள்ளையின் தாயை மணக்கக் கூடாது என்பது நம் சபைச் சட்டம். என் மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். இப்போதுதான் வெங்காயம் நறுக்கும்போதும் சிரிப்பு வருகிறது. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் நுஹாதே வந்து நின்றாள். பாதிரியார் அந்தச் சட்டத்தை அவளிடம் சொல்லிவிட்டாராம். "இதுக்கா இடுப்புவலி?" என்றவள், உன் விலாசத்தை வாங்கிக்கொண்டாள். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் நீ வராவிட்டால், தானே கெராக் வந்து உன்னைக் காதைப் பிடித்து இழுத்து வருவாளாம்.