செய்னுலாப்தீன் வேனில் புகுந்த வண்டு

"நான் மௌத்தாகும் வரைக்கும் இந்த வேன்ட ஸ்டேரிங்ல பொம்புளக் கை படாது!"

செய்னுலாப்தீன் இதை முற்றத்தில் நின்று, பாலாவிச் சந்தி வரைக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தச் சத்தம் அவர் மனைவி ஸுலைஹாவுக்குத்தான். கல்யாண வீடுகளுக்கு வட்டலப்பம் என்ற இனிப்பைச் சட்டி சட்டியாகச் செய்து கொடுப்பது அவள் தொழில். வேன் ஓட்டப் பழகினால் தானே சிலாபம் வரை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டாள். அவர் கொண்டுபோனால், விருந்தெல்லாம் முடிந்து மாப்பிள்ளை மாமனார் வீட்டில் பகல் தூக்கம் போடும் நேரத்துக்குத்தான் வட்டலப்பம் போய்ச் சேரும்.

யுத்தம் முடிந்து மன்னார்ப் பக்கம் அவர் வாடகை ஹயர் ஓடத் தொடங்கிய காலம். அந்தப் பழைய வேனில் அவருக்கு உயிர் ரேடியோதான்.

மறுநாள் காலை ரேடியோவைப் போட்டார். "ஙொய்ங்ங்ங்!"

செய்தி வாசிப்பவரின் தொண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி இருந்தது. செய்னுலாப்தீன் கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"யா அல்லாஹ்! என்ன இது?"

"ஒரு மெக்கானிக் பாஸிட்டக் காட்டுங்களேன்" என்றாள் ஸுலைஹா.

"பாஸா? எனக்குத் தெரியாத வயரா?"

சாவியை முழுக்கத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். இரைச்சல் நின்றது. கூடவே ரேடியோவும் நின்றது. அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

"பாத்தியா? எஞ்சின்லதான் கோளாறு! நான் டேஷ்போர்டுக்குக் கீழ காது வெச்சுக் கேக்கிறன். நீ ஏறி எக்ஸிலேட்டர மிதி."

"நானா? பொம்புள..."

"கால்தானே படுது. கை படல்லயே. ஏறு!"

அவர் எஞ்சினை மறுபடி போட்டார்; அவள் மிதித்தாள். எஞ்சின் ஓலமிட்டது. வண்டு அசையாமல் அதே சுருதியில் இரைந்தது.

"கூடுதா?"

"கூடின மாதிரித்தான் ஈக்கிது. ஓடக்குள்ள எப்படி இரையுமோ?"

அந்தக் கேள்வி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கரண்ட் கம்பி இல்லாத இடத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று உப்பளத்துப் பக்கம் வேனைக் கொண்டுபோனார். அவர் தலை மறுபடி டேஷ்போர்டுக்குக் கீழே போயிற்று.

"கிளச்ச மெல்ல விடு. மெல்ல! இப்ப?"

"இரையுது. ஸ்டேரிங்கப் புடிக்காம எப்படிங்க ஓட்டுற?"

"டெஸ்டுக்குக் கை பட்டாக் குத்தமில்ல. ரெண்டாம் கியர் போடு."

"இதுலயும் இரையுது. ரிவர்ஸ்ல என்னண்டு பாப்பமா?"

"நானே சொல்ல இருந்தன்!"

பிளக் மாற்றினார். ஏரியலைக் கழற்றினார். எர்த் வயரை மணல்தாள் போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கினார். பெருநாள் வந்து போயிற்று. வண்டு போகவில்லை. ஸுலைஹாவோ இரண்டு உப்புப் பாத்திகளுக்கு நடுவே வேனைத் திருப்பி எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். அவர் அதைப் பார்க்கவில்லை. கீழே இருட்டாக இருந்தது.

ஒருநாள் காலை, வட்டலப்பச் சட்டிகளை ஏற்றுவதற்காக வேனின் பின்பக்கம் ஏறினார். ரேடியோ வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது. கடைசி இருக்கையின் அடியில் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. கையை விட்டுத் துழாவினார். போனுக்குப் போடும் மலிவு சார்ஜர் ஒன்று அங்கிருந்த துளையில் செருகிக் கிடந்தது. பிடுங்கினார்.

வண்டு செத்தது. செய்தி வாசிப்பவர் கண்ணாடி மாதிரிப் பேசினார்.

செய்னுலாப்தீன் சார்ஜரைத் தூக்கிப் பிடித்தார். "ஸுலைஹா! ஆரு இதக் குத்தின?"

"நான்தான்." முன்பக்கமிருந்து குரல் வந்தது.

"எப்ப?"

"நீங்க முற்றத்துல நிண்டு சத்தம் போட்டீங்களே, அண்டைக்கு மஃரிப் தொழுகைக்குப் பொறகு."

எட்டிப் பார்த்தார். அவள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து, முன்கண்ணாடியில் அவருக்குத் தெரியும்படி காட்டினாள். அவருக்குத் தெரியாமல் டெஸ்ட் கொடுத்து எடுத்த புத்தம்புது லைசன். அதில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கு! இறங்கெண்டு சொல்றன்!"

வேன் ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பியது. அவர் சட்டிகளுக்கு நடுவே தொப்பென்று உட்கார்ந்தார்.

"மெல்லப் போ! ஹோன் அடி! மாடு வருது! பிரேக்..."

"என்னங்க, கொஞ்சம் சும்மா இரிங்களேன். ஒங்கட இரைச்சல்ல ரேடியோ கேக்குதில்ல."