பேய்களுக்குத் தமிழ் பழக்கியவர்

ரொறன்ரோவில் பேய்களுக்கு யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கப் பழக்கிய ஒரே மனிதர் எங்கள் பேயண்ணைதான். தொண்ணூறுகளில் பார்க்டேலில் எங்களுக்கு மேல் மாடியில் இருந்தார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

பழைய சாமான் கடையில் ஒருநாள் வீடியோ கசெற் ஒன்று வாங்கி வந்தார். ஜெர்மன்காரர் அந்தக் காலத்தில் எடுத்த ஊமைப்படம். ஒரே படத்துக்குள் ஐந்து பேய்க்கதை. சத்தம் வரவில்லையென்று ரீவியின் தலையில் தட்டோ தட்டென்று தட்டினார். விஷயம் விளங்கியதும், "பாவங்கள், வாய் இருந்தும் கதைக்கேலாமல் நிக்குதுகள். நான் கதைச்சு விடுறன்" என்றார்.

அதன்பிறகு ஞாயிறு பின்னேரங்களில் திரைச்சீலையை இழுத்துவிட்டு எங்களையெல்லாம் கூப்பிட்டுவிடுவார். சவப்பெட்டியிலிருந்து எழும்பும் பிரபு, "ஆரடா உதில லைற் போட்டது?" என்பார். கழுத்தை நெரிக்க வருபவன், "தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?" என்று விசாரித்துவிட்டுத்தான் நெரிப்பான். சிரிப்போம். ஆனால் அந்தக் குரல்கள் அவர் தொண்டையிலிருந்து வருவதாகவே தெரியாது. ஹீற்றர் கொதிக்கும், எங்களுக்குக் கால் குளிரும்.

நாலாவது கதை வந்தால் மட்டும் வாயை மூடிவிடுவார். அதில் இறந்துபோன ஒரு பெண் யன்னலில் நின்று, வெளியே யாரையோ பார்த்து உதடு அசைப்பாள்.

"உவ என்ன அண்ணை சொல்லுறா?"

"எனக்குக் கேக்கேல்லை."

அவர் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த மனைவியிடமிருந்து மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

ஒரு ஞாயிறு, அந்தப் பெண் உதடு அசைத்தபோது இருட்டுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது. "வெளியில நிண்டது போதும். உள்ள வாங்கோ."

உதட்டசைவுக்கு அச்சொட்டாகப் பொருந்திய குரல். பக்கத்து வீட்டு அன்ரி முருகனைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

யாரோ லைற்றைப் போட்டார்கள். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு பேயண்ணையின் மனைவி நின்றார். குரல் கொடுத்தது அவர்தான். முந்தினநாள்தான் வந்து இறங்கினாராம்.

"ஏன் அண்ணை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"வந்து சேர முன்னம் சொன்னால் கண்ணூறு பட்டிடும்" என்றவர், திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். "இவ்வளவு நாளும் அவ இதைத்தான் சொல்லியிருக்கிறா."

அதற்குப் பிறகு சத்தத்தோடு எத்தனையோ பேய்ப்படம் பார்த்துவிட்டேன். தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்காத பேயை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.